துபாஷி எனும் நேம்டு பைப்

ஒரே மெஷினில் இரண்டு புரோகிராம் பேசிக்கொள்ள வேண்டும். அதே கோடு விண்டோஸிலும் ஓட வேண்டும், லினக்ஸிலும் ஓட வேண்டும். நேம்டு பைப்பா, சாக்கெட்டா? புதுச்சேரிக்காரனிடமா இதைக் கேட்பது? இந்தப் பஞ்சாயத்தை நாங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டோம், அதுவும் கவர்னர் வீட்டுக்குள்.

புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் முசே துய்ப்ளேக்ஸ். 1742இல் பதவிக்கு வந்தவர். நவாபுகளை எழுப்பி, உட்காரவைத்து, தென்னிந்தியாவையே வளைத்துப்போடப் பார்த்த சூரர். ஆனால் உள்ளூரில் ஒரு பேச்சுப் பேசி முடிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், நிற்க வேண்டும். வல்லரசுக் கனவு ஒரு மனிதரின் தொண்டை வழியாகப் போய்வந்தது!

அந்தத் தொண்டை ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. 1747இல் தலைமை துபாஷி. அசல் நேம்டு பைப்: ஊரறிந்த பெயர், நிலையான இடம், கண்டவனும் கைவைக்க முடியாத பெர்மிஷன். ஒரே தொல்லை, யூனிக்ஸில் பைப்பின் இந்த முனையைத் திறந்தால், மறுமுனையை யாராவது திறக்கும்வரை சும்மா நிற்க வேண்டும். பிள்ளையும் நின்றார். காலையில் கவர்னர் வீட்டில், முசே இன்று என்ன மூடில் வருவாரோ என்று. மூவாயிரம் குதிரை மன்சப் பட்டம் வாங்கிய மனுஷனுக்கே இந்தக் கதி.

சரி, சாக்கெட்? மதாம் துய்ப்ளேக்ஸ் இருக்கிறாரே! ழான் அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். அவருக்கென்று தனிக் கடிதப் போக்குவரத்து, தனி ஒற்றர்கள். சர்வரோ வீட்டுக்குள்ளேயே, 127.0.0.1 என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த மேனுவலிலும் கிடையாது. ஆனால் போர்ட் திறந்துகிடந்தால் அதே மெஷினில் இருக்கிற எந்தப் புரோகிராமும் வந்து தட்டலாம். தட்டினார்கள், கையில் பணத்தோடு தட்டினார்கள் என்று டைரியில் பொருமுகிறார் பிள்ளை. பங்காளி சாட்சி, பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிராஸ் பிளாட்ஃபாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? ரங்கப்பிள்ளை வீதியில் பிள்ளை கட்டிய வீட்டுக்குப் போங்கள். கீழே முற்றத்தைச் சுற்றி மரத்தூண், மாடியில் பிரெஞ்சு பாணித் தூண். படியேறினால் ஓ.எஸ். மாறிவிடும். நேம்டு பைப்பும் இதே கேஸ். விண்டோஸில் ஒரே பைப்பில் போகவும் வரவும் பேசலாம். யூனிக்ஸில் அது ஒருவழிப்பாதை, பதிலுக்கு இன்னொன்று போட வேண்டும். பேர் ஒன்று, ஆள் வேறு! அதனால் இரண்டு ஊரிலும் ஓட வேண்டிய கோடு என்றால் நான் மதாம் கட்சி. பிள்ளை மன்னிக்கட்டும்.

மதாமும் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். 1754இல் கொதே என்பவர் கப்பலில் வந்து இறங்கினார், பாரிஸ் உத்தரவோடு. அந்த வருஷமே முசேயும் மதாமும் மூட்டை கட்டினார்கள். கனெக்ஷன் ரீசெட்.

பிள்ளை கண்ணை மூடியது 1761 ஜனவரி 12. நாலாம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். மிஞ்சியது 1736இல் தொடங்கி அவர் எழுதிவந்த டைரி: எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் யாரைப் போட்டுக்கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல். 1846இல்தான் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தேடியெடுத்தார். 85 வருஷம் அது பாட்டுக்குக் கிடந்திருக்கிறது. லாக் ஃபைலை யார் திறந்து பார்க்கிறார்கள்?