ஒப்பத்தார்

கிருலப்பனைச் சந்தைக்கு முன்னால் 138 பஸ்ஸுக்கு நின்றால், பஸ் வருமுன் ஒப்பத்தார் வருவார். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் மனைவிக்கே ஒரு கணம் யோசிக்க வேணும். கக்கத்தில் ஒரு ஃபைல். அதற்குள் ஒரே ஒரு கடிதம்: 1956இல் தமிழர் தலைவர் தந்தை செல்வா அவருடைய அப்பப்பாவுக்கு அனுப்பியதாம். தட்டச்சில் இரண்டு வரி. கடிதம் கிடைத்தது, கவனிக்கிறேன். கீழே ஒப்பம்.

"தம்பி, ஐன்ஸ்டைன் 1922இல தோக்கியோவில ஹோட்டல் பெடியனுக்கு டிப்ஸுக்குப் பதிலா ஒரு துண்டு எழிதிக் குடுத்தவர். 2017இல ஜெருசலேமில அது பதினைஞ்சு லட்சம் டொலருக்கு மேல போனது. அது துண்டு. இது முழுத்தாள்!"

தங்கம் பவுண் என்ன விலையென்று அவருக்குத் தெரியாது. காந்தி என்ன விலையென்று தெரியும். காந்தி நண்பர் கலன்பாக்குக்கு எழுதிய கடிதங்களை 2012இல் லண்டன் சொதபீஸ் ஏலத்துக்கு முதலே இந்திய அரசு வாங்கிவிட்டது. அதுபோல எங்கட அரசாங்கமும் கிருலப்பனைக்கு ஓடிவரும் என்று கேற்றைத் திறந்தே வைத்திருக்கிறார்.

லண்டனில் இருக்கும் மகள் ஒரு ஏலக்கடையில் விசாரித்தாள். மூன்று கேள்வி வந்தது. கடிதம் கையால் எழுதியதா? தாள் எப்படி இருக்கிறது? உங்கள் கைக்கு வந்த வழி என்ன?

மூன்றாவதில் மனிதர் கொதித்துவிட்டார். "எங்கட அப்பப்பாவைக் கள்ளன் எண்டுறான்!"

ஏலக்காரருக்கு ஒப்பம் மட்டும் போதாது. கடிதம் என்ன சொல்கிறது என்பதும் விலை. தட்டச்சை விடக் கையெழுத்துக்கு மதிப்பு; செயலாளர் போட்ட ஒப்பமோ என்ற சந்தேகமும் உண்டு. இதையெல்லாம் பக்குவமாகச் சொன்னேன்.

"தாளைப் பற்றிப் பயமில்லை. மழை பட்டாலும் ஒண்டும் ஆகாது" என்று கடிதத்தை ஃபைலில் தட்டிக் காட்டினார். டக், டக் என்றது. வெள்ளவத்தையில் கொடுத்து லமினேட் பண்ணியிருக்கிறார். சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் உரிப்பது பெரும்பாடு. நான் வாய் திறக்கவில்லை.

கடிதம் வளையாமலிருக்க அடியில் ஒரு பழைய கொப்பி கொடுத்திருந்தார். புரட்டினேன். கொட்டாஞ்சேனையில் அப்பப்பா நடத்திய கடைக் கணக்கு, பென்சிலில். 1958 மே கடைசி, தமிழருக்கெதிரான கலவர நாள்களின் பக்கங்களில் விற்பனை இல்லை: 'கடை பூட்டு. வீட்டில் பதினொரு பேர். அரிசி நாலு கொத்து.' ஜூனில் ஒரு வரி: 'பிள்ளைகள் கப்பலில் ஊருக்கு.'

"அண்ணை, இது?"

"அதிலை ஒருத்தற்றை ஒப்பமும் இல்லைத் தம்பி. ஃபைலுக்கு முட்டுக் குடுக்க வைச்சிருக்கிறன்."

ஒப்பத்தார் ஒருவரல்ல, எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். 2005 முதல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் எங்கள் எழுத்துகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறது. ஏலம் ஆறுதலாக நடக்கட்டும். முட்டுக் கொடுத்த கொப்பியை முதலில் எடுத்து, ஸ்கேன் பண்ணிவிடுங்கள். லமினேட் மட்டும் வேண்டாம்.