பணித்தளத்துக்குக் கிளம்பும் தம்பி

கிள்ளைக்கு வெளியாட்கள் வருவது புதிதல்ல. பிச்சாவரத்தில் படகேற தினமும் ஒரு கூட்டம் வருகிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து கடல்வாழ் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் நண்டு எண்ண வருகிறார்கள். 1975-ல் வெளியான ‘இதயக்கனி’ படத்துக்காக எம்.ஜி.ஆரே வந்து போனார். அத்தனை பேரும் கிளம்பினார்கள், வந்தார்கள், போனார்கள். வருவதற்கு முன்பே ஆறு மாதம் கிளம்பிக்கொண்டே இருப்பவர் ஒருவர்தான்: தெற்கத்தி மிஷனரித் தம்பி.

நாசரேத்துப் பக்கமோ சாயர்புரம் பக்கமோ சொந்த ஊர். வயது இருபத்துநாலு, இருபத்தைந்து. இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, ஜிப் வைத்த உறைக்குள் வேதாகமம். பெயர் வேண்டாம், எதை வைத்தாலும் உங்களுக்குத் தெரிந்த யாராவது கோபித்துக்கொள்வார்கள். கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் ராத்திரி, ‘யார் போவீர்கள்?’ என்று பிரசங்கியார் கேட்டதும் எழுந்து நின்றவர் இவர். பக்கத்தில் நின்ற நண்பனுக்கு ஜார்க்கண்ட் கிடைத்தது. இவருக்குக் கிள்ளை.

முதல் வருத்தம் அங்கேதான். ஜார்க்கண்ட் என்றால் புது பாஷை, மலை, மலேரியா என்று ஜெபக் கடிதத்தில் எழுத எவ்வளவோ இருக்கும். கிள்ளையிலோ பேசுவது தமிழ். ரயில்வே ஸ்டேஷன் வேறு இருக்கிறது. சிதம்பரத்துக்கு டவுன் பஸ் ஓடுகிறது. கஷ்டத்துக்கு எங்கே போவது? போனில் தேடிப் பார்த்து அலையாத்திக் காடு கண்ணில் பட்ட பிறகுதான் தம்பிக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து கிள்ளை, ‘அடர்ந்த சதுப்புநிலக் காடுகள் சூழ்ந்த பகுதி’ ஆகிவிட்டது. அந்தக் காட்டைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் கிழித்துப் படகு விடுகிறார்கள் என்ற விவரம், இடம் போதாததால் கடிதத்தில் விடுபட்டது.

பெரியப்பாவிடம் இந்தக் கதை செல்லவில்லை.

“எங்கடே போட்டிருக்காவ?”

“கிள்ளைக்குப் பெரியப்பா. சிதம்பரம் பக்கம்.”

“சிதம்பரமா? நம்ம கொத்தனார் அங்கன யுனிவர்சிட்டியிலதான பிள்ளையச் சேத்திருக்கான். மாசம் ஒருக்க போயிட்டு வாறான். அவனுக்கு எவனும் மாலை போடலியே.”

பெரியப்பாவின் பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்தப் புறப்பாடு தம்பிக்கு ரத்தத்தில் ஊறியது. திருநெல்வேலிச் சபையார் 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, வெள்ளைக்காரர் கையை எதிர்பார்க்காமல் சொந்தக் காசில் ஆளனுப்பியவர்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1909-ல் தெலுங்குச் சீமைத் தோர்ணக்கலுக்குத் தானே போனார். 1912-ல் பேராயரும் ஆனார். அவர் படம் தம்பியின் மேசைமேல் இருக்கிறது. படத்துக்குக் கீழே கலர் பேனாவில் எழுதிய நேரப் பட்டியல்: காலை 5 தியானம், 8 சிற்றுண்டி, 10 முதல் 12 வரை வீடு சந்திப்பு.

பத்து மணிக்குக் கிள்ளைப் பக்கம் எந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று பட்டியலைப் போட்டவரும் கேட்கவில்லை, அங்கீகரித்த கமிட்டியும் கேட்கவில்லை. இங்கே கடிகாரம் சுவரில் இல்லை, முகத்துவாரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்துத்தான் வேலை. காட்டோரத்து இருளர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது; விரல்தான் முதலீடு. அவர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் தம்பி முழுக்கைச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

அம்மாவின் ஏற்பாடு தனி. சில்லுக்கருப்பட்டி, முதலூர் மஸ்கோத் அல்வா, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் சரி. பழைய நியூஸ்பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, ‘அங்க என்ன கிடைக்குமோ’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு பொட்டலம் வைப்பார். உள்ளே நெத்திலிக் கருவாடு. கடலோரக் கிள்ளைக்குக் கருவாடு! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். கூடவே கீபோர்டு, ஸ்டாண்டு, ஆம்பிளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், கொசுவலை, ஒரு வருடத்துக்கான பிரசங்கக் குறிப்பு. சபையார் கொடுத்த சுவர்க்கடிகாரங்கள் மட்டும் மூன்று.

முன்கூட்டி ஒரு நாள் பணித்தளம் பார்க்க வருவார். டீக்கடையில் நோட்டை விரிப்பார்.

“அண்ணே, இந்த ஜனங்களோட முக்கியத் தேவை என்னண்ணே?”

“சில்லறைதான் தம்பி. எல்லாரும் ஐந்நூறு ரூபாயாவே நீட்டுறாங்க.”

எழுதிக்கொள்வார். அடுத்து வாடகை வீடு.

“யாரு யாரு இருப்பீங்க தம்பி?”

“நான் மட்டுந்தாம்மா.”

“கல்யாணம்?”

“ஜெபத்துல இருக்கும்மா.”

“அது எந்தப் பக்கம்?”

ஸ்பீக்கர் விஷயத்தை அந்தம்மாவிடம் அன்று சொல்ல மாட்டார்.

தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தரங்கம்பாடிதான் ஞாபகம் வருகிறது. இங்கிருந்து அதிக தூரமில்லை. சீர்காழி தாண்டினால் வந்துவிடும். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அங்கே கரையிறங்கியபோது, மறுநாள்தான் அவருக்கு 24 நிறைந்தது. நம் தம்பி வயதுதான். அவரை வரவேற்க ஆளில்லை. டேனிஷ் கவர்னர் பிற்பாடு பிடித்து நாலு மாதம் சிறையிலேயே போட்டார். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். ஊராரிடம் கேள்வி கேட்டுக் கேட்டு, அவர்கள் கும்பிடும் சாமிகளைப் பற்றியே 1713-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். உன்னை அனுப்பியது இதற்கா என்று ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவதில் உள்ள ஆபத்து அன்றைக்கே தெரிந்த ஒன்று.

இந்தப் பக்கம் கடலூருக்கு 1740-ல் சுவீடன் மிஷனரி கீர்நாண்டர் வந்தார். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பணக்கார விதவையை மணந்து, சொந்தச் செலவில் சர்ச் கட்டி, கடைசியில் கடனில் மூழ்கினார். பணித்தளம் மாற்றக் கேட்டு மனு எழுதும் தம்பிகள் இவர் கதையையும் ஒரு தரம் படிக்கலாம்.

நம் தம்பியை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு பேனர் கட்டிய வண்டியில் வந்து, பொட்டலம் கொடுத்து, போட்டோ பிடித்துக்கொண்டு அன்றே திரும்பியவர்கள் உண்டு. இவர் குடியிருக்க வருகிறவர். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றைத் தாங்கிவிட்டால் ஆளே மாறிவிடுவார். கீபோர்டுக்குள் உப்புக்காற்று புகுந்து இரண்டு ஸ்வரம் ஊமையாகும். கலர் பேனாப் பட்டியல் நனைந்து கரையும். பிறகு டீக்கடையில் நோட்டில்லாமல் உட்காருவார்; பிள்ளையின் ஸ்காலர்ஷிப் பாரம் நிரப்பிக் கொடுப்பார்; ரேஷன் கார்டு அலைச்சலில் கூடப் போவார். மத்தியானம் எந்த வீட்டிலாவது, ‘தம்பி, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ’ என்பார்கள். அந்த மாத ஜெபக் கடிதம் மட்டும் சப்பென்று இருக்கும். படிப்பவர்கள், ஊழியத்தில் சோர்ந்துவிட்டாரோ என்று கவலைப்படுவார்கள்.

இனி வரப்போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கருவாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு அல்வாவை இரண்டு கிலோ கூடுதலாகக் கொண்டுவாருங்கள். வாடகைக்கு வீடு பார்க்க மாசி மகத்தன்று மட்டும் வராதீர்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் அன்று தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருள்வார். கிள்ளை தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்பார்கள். சாவி வைத்திருக்கும் வீட்டுக்காரர் யாரும் அன்றைக்கு வீட்டில் இருக்க மாட்டார்.