முகூர்த்த விலை

மேடை அலங்காரக்காரர் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல, மண்டபத்தின் பெயரை. அதிலேயே தொகை முடிவாகிவிடும். "சிம்பிளா பண்ணிடலாம் சார்" என்று ஆல்பத்தைத் திறப்பார். மேடையே தெரியாத அளவுக்குத் தாய்லாந்து ஆர்க்கிட். கட்டுப்படியாகாது என்றால் ஓசூர் ஜெர்பரா. அதற்கும் முகம் சுளித்தால் பின்வரிசைக்குப் பிளாஸ்டிக். "போட்டோவுல தெரியாது சார்." சரிதான், ஆனால் தொட்டுப் பார்க்கவென்றே கல்யாணத்துக்கு வரும் பெரியம்மாக்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மல்லிகை தனிக் கதை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குத் தை மாதத்தில்தான் தன் அருமை தெரியவரும். பனியில் வரத்து குறைய, சில நூறுக்கு விற்ற கிலோ ஆயிரங்களுக்குத் தாவும். தேதி குறித்த ஜோசியர் குருபலம் பார்த்தார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தை விலையைப் பார்க்கவில்லை. முழமாக வாங்கலாமா? முழம் என்பது பூக்காரம்மாவின் கை. முகூர்த்த நாளில் அது முழங்கையிலிருந்து கிளம்பி, மணிக்கட்டுக்கு முன்பே களைத்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையானவர்கள். எதுவும் கேட்கவில்லை, மாலை மட்டும் ரோஜா இதழில், ஆள் உயரத்துக்கு. செலவு? பெண் வீட்டார் பார்ப்பதுதான் வழக்கமாம்.