வாழைக்கு வாங்கிய குருணை

மாயாற்றங்கரையின் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்று பொதுவாகச் சொல்வோமே, அந்தப் பறவைதான். தென்னிந்தியாவில் இந்த இனம் இன்னும் கூட்டமாக வாழ்ந்து குஞ்சு பொரிக்கும் இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கு முக்கியமானது. என் அம்மா பிறந்த தெங்குமரகடா இதன் நடுவே இருக்கிறது. 1948-ல் கூட்டுறவு விவசாயச் சங்கம் அமைத்து, காட்டுக்குள்ளேயே நெல்லும் வாழையும் மிளகாயும் விளைவித்த ஊர். பவானிசாகரில் பேருந்து ஏறி, காராச்சிக்கொரை சோதனைச்சாவடியைத் தாண்டி, காட்டுப் பாதையில் குலுங்கிக்கொண்டே போய், கடைசியில் ஆற்றைப் பரிசலில் கடக்க வேண்டும்.

சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கே போவோம். அன்றைக்குப் பாறுகளை யாரும் பாதுகாக்கவில்லை. பாதுகாக்க வேண்டிய பறவை என்ற நினைப்பே ஒருவருக்கும் இல்லை. காக்கையைப் போல, நாயைப் போல, அது பாட்டுக்கு இருந்தது. இன்று வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறது. மாநில அளவில் குழு இருக்கிறது. மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் தொலைநோக்கியோடு நின்று தலையெண்ணுகின்றன. ஒருவரும் கண்டுகொள்ளாத காலத்தில் நிம்மதியாக வாழ்ந்த பறவை, எல்லாரும் கண்டுகொண்ட காலத்தில் உயிருக்குப் போராடுகிறது. இந்த முரண் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்போது மாடு செத்தால் ஊருக்கு வெளியே பொட்டலில் இழுத்துப் போடுவார்கள். தோல் உரிப்பவர் வந்து உரித்துக்கொண்டு போவார். விடிந்ததும் காக்கைகள்தான் முதலில் வரும். வெயில் ஏறி மண் சூடாகி, காற்று மேலெழும்பத் தொடங்கிய பிறகுதான் பாறுகள் வானத்தில் வட்டமிடும். ஒன்று இறங்கினால் போதும், எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் பத்து, இருபது, நாற்பது வந்து சேரும். சிறகை விரித்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பாம்பு சீறுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு தின்னும். செந்தலைப் பாறு ஒன்றோ இரண்டோதான் வரும். அது கூட்டத்தோடு சேராமல் ஓரமாக நின்று தன் முறைக்குக் காத்திருக்கும். பொழுது சாய்வதற்குள் எலும்புக்கூடுதான் மிஞ்சும். தின்று முடித்தவை ஆற்று மணல் திட்டில் இறங்கிக் குளித்து, இறக்கையை விரித்து வெயிலில் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஈரம் காயும்வரை அசையாது.

"அதுக வராட்டி இந்த நாத்தத்த ஆரு கண்ணு கழுவறது?" என்பார் அம்மாவின் அம்மாவான அம்மிச்சி. அவருக்கு அந்தப் பறவை மேல் தனிப் பாசமெல்லாம் கிடையாது. வேலை செய்கிறவர்கள் மேல் இருக்கும் மரியாதை, அவ்வளவுதான்.

அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்குக் காட்டோரத்தில் மாட்டுப் பட்டி இருந்தது. புலியோ சிறுத்தையோ ஒரு மாட்டை அடித்துவிட்டால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. மூன்றாம் நாள் இலந்தை முள்ளை வெட்டி வந்து பட்டிவேலியை இன்னும் உயர்த்திக் கட்டுவார். அடிபட்ட மாட்டைப் புலி தின்றது போக மிச்சத்தைப் பாறுகள் தின்னும். அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் தருமவான்கள் என்று சொல்ல வரவில்லை. எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து கைக்குக் கிடைத்தபோது, மீன் பிடிப்பதற்காக அதை வாய்க்காலில் ஊற்றியவர்களும் நம் ஊர்களில் இருந்தார்கள். ஆனால் காட்டோரத்து ஏழை விவசாயிக்கு விஷம் அன்று எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதற்குக் காசு இல்லை. பறவை பிழைத்திருந்ததற்கு எங்கள் நல்ல மனதைவிட எங்கள் வறுமையே பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு பூச்சிமருந்து ஊருக்கே வந்தது. வானொலியில் சொன்னார்கள், ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பஞ்சத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. புகையானும் தண்டுத் துளைப்பானும் வயலை மொட்டையாக்கிய வருடங்களில், தெளித்தவன் வயல்தான் நின்றது. வாழைக்குக் குருணை வந்ததும் அப்படித்தான். கார்போஃபுரான் மூன்று சதவீதக் குருணை. மணலைப் போலச் சன்னமாக, ஊதா நிறத்தில் இருக்கும். வாழைக் கிழங்கைச் சீவிச் சுத்தம் செய்து, களிமண் குழம்பில் முக்கி எடுத்து, அதன்மேல் கிழங்குக்கு 40 கிராம் வீதம் தூவி நடுவார்கள். நூற்புழுவும் கிழங்கைக் குடையும் கூன்வண்டும் அண்டாது. மாமா வீட்டுத் திண்ணையில் சாக்கு விரித்துக் கிழங்குகளைப் பரப்பி, பெண்கள் வெறுங்கையால் அதைத் தூவிக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையுறை என்ற சொல்லை அன்று அந்தத் திண்ணையில் யாரும் சொல்லவில்லை.

நடவு முடிந்து மிஞ்சிய பொட்டலம் மாட்டுக்கொட்டகையின் பரணில் கிடக்கும். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. பூச்சிமருந்தால் காட்டுயிர் சாகிறது என்றால், வயலில் தெளித்தது காற்றில் பறந்து, தண்ணீரில் கலந்து, மெல்ல மெல்லக் கொல்வதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் இறுதியில் சாரசக் கொக்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த வயல்களில் கறையானுக்காக இட்ட ஆல்ட்ரின்தான் காரணம் என்று நம் எஸ். முரளிதரன் ஆராய்ந்து எழுதினார். கோவை ஆனைகட்டியின் சாலிம் அலி பறவையியல் மையத்தில் பின்னாளில் நீண்ட காலம் பணிபுரிந்தவர் அவர். கொக்குகள் விதைத்த வயலில் மேய்ந்தன, செத்தன. ஆல்ட்ரினுக்கு 1996-ல் நாடு முழுக்கத் தடை வந்தது. எண்ட்ரின் அதற்கு முன்பே 1990-ல் போய்விட்டது.

பாறுக்கு வரும் சாவு வேறு வகை. ஒரு சிறுத்தை பசுவை அடிக்கிறது. பால்காசில் குழந்தையைப் படிக்க வைக்கிறவனின் பசு அது. ஆத்திரத்தில் அவன் பரணில் இருக்கும் பொட்டலத்தை எடுத்து, செத்த மாட்டின் கிழிந்த சதையில் கொட்டுகிறான். இரவு சிறுத்தை திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், விடிந்ததும் பாறுகள் கட்டாயம் வரும். கூட்டமாக உண்ணும் பறவை என்பதால் சாவும் கூட்டமாகத்தான். அசாமில் சாய்காவ் அருகே 2022 மார்ச்சில் ஒரே இடத்தில் 90க்கும் மேற்பட்ட பாறுகள் செத்துக் கிடந்தன. விஷம் வைத்த ஆட்டின் உடலைத் தின்றதால் என்றே சந்தேகிக்கப்பட்டது. நம் நீலகிரியிலும், அவலாஞ்சி பக்கம் 2023 செப்டம்பரில் விஷம் கலந்த மாட்டிறைச்சியைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. ஜோடி சேர்ந்த பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தான் ஒரு கூடு கட்ட ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். ஒரு பிடிக் குருணையில் போகும் கூட்டத்தை ஈடுகட்ட ஒரு தலைமுறை வேண்டும்.

இதற்கு முன்பே இன்னொரு மருந்து பாறுகளை ஏறக்குறைய முழுதாக அழித்திருந்தது. காய்ச்சல் கண்ட மாட்டுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுவார்கள். மாடு எழுந்து நிற்கும், விவசாயி கையெடுத்துக் கும்பிடுவான். பிழைக்காமல் செத்துப்போனால், அந்த உடலைத் தின்ற பாறின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகள் மேலெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, தலை தொங்கிச் செத்துவிடும். லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் இதைக் கண்டுபிடித்து 2004-ல் வெளியிட்டார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. 2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டகைக்கே வந்தன. 2015-ல் அதையும் 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். கீட்டோபுரோஃபனும் அசிகுளோஃபினாக்கும் 2023-ல் தடையாயின. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது. மாட்டுக்கும் கேட்கிறது, பாறுக்கும் தீங்கில்லை. தமிழ்நாட்டில் அருளகம் அமைப்பினர் ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார்கள். விஷத்தைக் கட்டுப்படுத்துவது நடக்காத காரியம் என்பவர்களுக்கு நான் இந்த ஊசியைத்தான் காட்டுவேன். முழுதாக இன்னும் ஒழியவில்லை, ஆனால் நடந்தது.

பூச்சிமருந்தில் அந்த அளவு வேகம் இல்லை. எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை போடுவதற்குள் காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் பட்டது ஊரறியும். மனிதர்களுக்கே இவ்வளவு தாமதம் என்றால் பறவைக்கு எப்போது? 2023-ல் மத்திய அரசு கார்போஃபுரானின் மற்ற வடிவங்களையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, உறையிட்ட மூன்று சதவீதக் குருணையை மட்டும் விட்டுவைத்தது. சுருக்கியது நல்லதுதான். ஆனால் பரணில் கிடப்பது அந்த மூன்று சதவீதம்தான்.

இப்போது என் மாமா மகன் பவானிசாகர் பக்கம் காட்டோரத்தில் வாழை போட்டிருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவருடைய சினைப்பசுவைச் சிறுத்தை அடித்துவிட்டது. நான் போனபோது வனத்துறைக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போயிருந்தார்கள். கால்நடை மருத்துவரின் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து, வங்கிப் புத்தக நகல் என்று ஒரு கட்டுக் காகிதம் சேர வேண்டியிருந்தது.

"குருணைப் பொட்டலம் கையில எடுத்துட்டேன் மாப்ள," என்றார். நான் பதில் சொல்லவில்லை. "அப்புறம் நம்ம நாய் நெனப்பு வந்துச்சு. மொதல்ல அதுதான போயி வாய் வெக்கும்? வெச்சுட்டேன்."

நாயை நினைத்து வைத்தார். இன்னொரு தோட்டத்துக்காரருக்கு நாய் இல்லாமல் இருக்கலாம். அந்த வட்டாரத்துப் பாறுகளின் உயிர் இவ்வளவு மெல்லிய இழையில் தொங்குவதை அறிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் அவர் மேல் இல்லை. பசு செத்த அன்றே அந்தத் தோட்டத்தில் நின்று, பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், இந்தா பணம் என்று சொல்ல ஒரு ஏற்பாடு இல்லையே என்பதுதான் கோபம். கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றி இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அரசின் இழப்பீடு வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க வைக்காமல், கார்பெட் ஃபவுண்டேஷனும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-இந்தியாவும் சேர்ந்து மாடு பறிகொடுத்தவருக்கு உடனே இடைக்காலத் தொகை கொடுத்துவருகின்றன. அடித்த மாட்டை அப்புறப்படுத்தாமல் புலிக்கே விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆத்திரம் உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு நாளில் பணம் போய்ச் சேருவதுதான் அதன் சூட்சுமம்.

வாழைக்கும் வழி இல்லாமல் இல்லை. வேப்பம் புண்ணாக்கு இட்டு, ஊடே செண்டுமல்லி நட்டால் நூற்புழு குறையும் என்று வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. என்னைக் கேட்டால் காப்பகங்களை ஒட்டிய ஊர்களின் மருந்துக் கடைகளில் குருணையே விற்கக்கூடாது. அதற்கு ஈடாகப் புண்ணாக்கை மானிய விலையில் அதே கடையில் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுக்காமல் போனால், பக்கத்துத் தாலுகாவில் போய் வாங்கி வருவார்கள்.

ஒரு காலத்தில் தெளிக்கச் சொன்ன அதிகாரிகளின் வாரிசுகள் இன்று வயலில் பறவைத் தாங்கி நடச் சொல்கிறார்கள். கவட்டைக் கம்பு நட்டால் கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும் என்கிறார்கள். சரிதான், நன்றாக வேலை செய்கிறது. வரப்பில் நின்ற மரங்களை நிழல் விழுகிறது என்று நாங்கள் வெட்டித் தீர்த்த பிறகு, பறவைக்கு உட்காரக் கம்பு நடுகிறோம். அதுவும் இல்லாமல் போவதற்கு இது மேல்.

தெங்குமரகடாவைக் காலி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். இழப்பீடு கொடுத்து மக்களை வெளியேற்றும் பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இரை தேடிப் பறக்கும். பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு ஊர் போனாலும், விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு ஊரின் பரணிலும் பொட்டலம் இருக்கிறது. ஊரை நகர்த்துவதைவிடப் பொட்டலத்தை இறக்குவது எளிது, செலவும் குறைவு.

மாமா மகன் இந்த வருடம் பாதித் தோட்டத்தில் செண்டுமல்லி போட்டிருக்கிறார். மீதிப் பாதியை என்ன செய்வது என்று அவருக்கு இன்னும் தெளிவில்லை. "அன்னைக்கே பாதிப் பணம் கைக்கு வந்தாப் போதும், பொட்டலத்த நானே கொண்டாந்து ஆபீசுல குடுத்துருவேன்" என்கிறார். அதையே மனுவாக எழுதியிருக்கிறோம். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க, சுற்றியுள்ள தோட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.