கேமரோவுக்குத் துத்தநாகம்

1969 கேமரோ இஸட்/28 கார் வைத்திருக்கும் அமெரிக்கருக்கு ஆயில் தேர்வு என்பது மகளுக்கு வரன் பார்ப்பதைவிடப் பெரிய படலம். கடைசியில் ஆகப் புதிய தரமுத்திரையும் ஆக அதிக விலையும் உள்ள மெல்லிய சிந்தெடிக் ஆயில் டப்பாவோடு வீடு திரும்புவார்.

வினையே அங்கேதான்.

அந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் தட்டை டேப்பெட்டுகளை உரசியபடியே சுழலும். தேய்மானத்தைத் தடுப்பது ஆயிலில் கலந்த துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸோ புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது. எனவே 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம், மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது; கூடவே துத்தநாகமும் குறைந்தது.

கேமரோவில் கன்வெர்ட்டரே கிடையாது. இல்லாத உறுப்பின் நலனுக்காக, இருக்கிற கேம்ஷாஃப்ட் தேய வேண்டும்!

குறைத்த துத்தநாகத்தைத் தனிக் குப்பியில் அடைத்து விற்கவும் ஆள் வந்தாயிற்று. உரிமையாளர் அதற்கும் பர்ஸைத் திறக்கிறார்.