யார் சொன்னது என்று கேட்கக் கூடாது

2017 செப்டம்பரில் மோடியும் ஷின்சோ ஆபேயும் அகமதாபாதில் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஜோரில் மும்பையில் பலருக்கு ஜப்பானிய மொழி ஆசை பிறந்தது. செம்பூரில் எனக்கும். ரயில் இன்னும் ஓடவில்லை. நான் மட்டும் ஜப்பானிய மொழித் தேர்வின் கடைசிப் படியான என்5-இல் புறப்பட்டு, என்4-ஐத் தாண்டி, என்3 வாசலில் சிக்னல் விழாமல் நிற்கிறேன்.

காரணம் கஞ்சி எழுத்துகள் அல்ல. கஞ்சி என்றால் தமிழனுக்கு என்ன பயம்? ஊர் வழக்கத்தைச் சொல்லும் வாக்கிய முடிவுகள்தான் வழிமறிக்கின்றன. நாம் எதையும் ஒரு 'ணும்', ஒரு 'கூடாது' போட்டு முடித்துவிடுவோம். ஜப்பானியர்களோ பழி யார் தலையில் விழும் என்று பார்த்துப் பார்த்து வாக்கியத்தை முடிக்கிறார்கள். 'பெகி தா' என்றால், இப்படிச் செய்வதுதான் முறை என்பது என் அபிப்பிராயம். நீங்கள் சண்டைக்கு வரலாம். 'கொதோ நி நத்தே இரு' என்றால், அப்படி ஏற்பாடாகியிருக்கிறது. ஏற்பாடு செய்த புண்ணியவான் வாக்கியத்துக்குள் தலைகாட்டவே மாட்டார். 'வாகே நி வா இகனாய்' என்றால், எனக்கென்னவோ ஆசைதான், நாலு பேர் என்ன சொல்வார்கள். இத்தனைக்கும் மேலே உட்கார்ந்திருப்பது 'மோனோ தா'. உலகம் அப்படித்தான், மனுஷனாய்ப் பிறந்தவன் அப்படித்தான், நீ யார் கேட்பதற்கு?

"குழந்தைகள் என்றால் சீக்கிரம் தூங்கும், மோனோ தா" என்று எங்கள் ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். தூங்க வேண்டும் என்று கட்டளையா, தூங்குகின்றன என்று தகவலா? வகுப்பில் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் குழம்பினார்கள். இரண்டும்தான் என்றார் ஆசிரியை. கட்டளையைத் தகவல் மாதிரிச் சொல்வதுதான் அதன் சாமர்த்தியமாம். எனக்கு அந்த நிமிஷமே மாட்டுங்கா அத்தையின் குரல் காதில் விழுந்தது.

"அமாவாசையன்னிக்கு முடி வெட்டிப்பாளோ?"

அத்தை உத்தரவு போடவே இல்லை, கவனியுங்கள். இப்படியும் மனுஷா உண்டா என்று ஒரு சந்தேகம் கேட்கிறார், அவ்வளவுதான். "வாசப்படியில நின்னுண்டு பணம் வாங்குவாளோ?" "ராத்திரி நகம் வெட்டுவாளோ?" இதற்கெல்லாம் பதில் உண்டு என்று நினைத்து, "வெட்டிக்கிறா அத்தை, கிங்ஸ் சர்க்கிள் சலூன்ல அமாவாசைக்கும் கூட்டம்தான்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். அத்தை பதிலே சொல்லவில்லை. டிகாக்ஷன் டம்ளரில் பால் விடாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி நகம் வெட்டுவது ஜப்பானிலும் ஆகாது. வெட்டினால் பெற்றோரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்காது என்பார்கள். அத்தைக்கு இதைச் சொன்னபோது, பரவாயில்லையே, நல்ல குடும்பத்து மனுஷாதான் என்று ஒரு நாட்டுக்கே சான்றிதழ் கொடுத்தார்.

இது மாட்டுங்காவின் தனிச் சொத்து ஒன்றும் இல்லை. என் ஆபீஸ் சிநேகிதர் தாராவி 90 அடி ரோட்டில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் திருநெல்வேலி. அவருடைய ஆச்சி, "வெளக்கு வச்ச பொறவு உப்பு கொடுப்பாவளாலே?" என்பாராம். பாஷை வேறு, தெரு வேறு, அச்சு ஒன்று. தமிழும் ஜப்பானியமும் உறவு என்று ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ பல வருஷம் வாதாடினார்; யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் - மனோன்மணி தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. சொற்களையும் நெல் விவசாயத்தையும் ஆராய்ந்த நேரத்தில் அத்தையின் அடுக்களையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கேஸ் ஜெயித்திருக்குமோ என்னவோ. என்னை யார் சாட்சிக்குக் கூப்பிடப்போகிறார்கள்!

'கொதோ நி நத்தே இரு'வுக்கு உதாரணம் தேடி நான் தோக்கியோ போக வேண்டியதில்லை. விரார் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில், நடுவழியில் இருக்கும் போரிவலிக்குப் போகிறவர் ஏறக் கூடாது. டிக்கெட் செல்லும், வண்டி போரிவலியில் நிற்கும். ஆனாலும் ஏறக் கூடாது. ஏறினால் இறங்க விடமாட்டார்கள். எந்த ரயில்வே புத்தகத்திலும் இது கிடையாது. அதே மாதிரி மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆளுக்கு உரிமை உண்டு. முழு உரிமை அல்ல, பாதி உடம்புக்கு மட்டும். மீதிப் பாதி நடைவழியில் தொங்கும். மூன்று பேரும் முகம் சுளிக்கலாம், முணுமுணுக்கலாம், ஆனால் நகர்ந்தே ஆக வேண்டும். 1940-லிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸில் ஞாயிற்றுக்கிழமை காலை காபி முடிந்த பிறகும் உட்கார்ந்து அரட்டை அடிக்கலாமா என்று கேட்டால் சர்வர் ஒன்றும் சொல்லமாட்டார். வெளியே நடைபாதையில் பசியோடு நிற்கும் கூட்டத்தின் கண்களே 'வாகே நி வா இகனாய்' என்று சொல்லிவிடும்.

என்னை அசத்தியது வேறு ஒன்று. அதே 'மோனோ தா'வுக்கு முன்னால் இறந்தகால வினையைப் போட்டால், உபதேசம் போய் ஏக்கம் வந்துவிடுகிறது. சின்ன வயதில் ஆற்றில் நீந்துவோமே, அந்த ரகம். ஊர் நியாயத்துக்கும் பழைய நினைவுக்கும் ஒரே வால். மாட்டுங்கா பெரியவர்களைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. "அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடுவா" என்று ஒரு மாமா சொன்னால், பாதி நினைவு, மீதி உங்களுக்குக் குட்டு. எது எவ்வளவு என்று பிரிக்க என்3 போதாது. என்1 வேண்டும்.

புல்லட் ரயில் ஓடத்தொடங்கினால் மும்பை முனை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், தரைக்கு அடியில். மித்தி நதியைத் தாண்டினால் தாராவி. மும்பை முனையிலிருந்து சபர்மதி வரை 508 கிலோமீட்டர். ஜப்பானில் ஷின்கான்சென் பயணி போன் பேச வேண்டுமென்றால் எழுந்து பெட்டிக் கோடிக்குப் போய்விடுவார், மோனோ தா. சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. அந்த மூன்றைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை பரபரக்காதா? ஜப்பானிய இன்ஜினீயர்கள் நிலநடுக்கத்துக்கு வண்டியைத் தயார்செய்துவிட்டார்கள். நாலாவது ஆள் வந்து நின்று, "தோடா சரக்கோ, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லப்போவதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் குடியிருப்பது விராரில். "சரக்னா தோ படேகா, நகர்ந்துதான் ஆகணும்" என்றார்.