தெளிவு போதுமா?

கேள்வி: சுத்திகரித்த கழிவுநீர் தெளிவாக இருந்தால் ஆற்றில் விடலாமா?

பதில்: தெளிவுக்கு மயங்கக் கூடாது, மீனுக்கு வேண்டியது மூச்சு. கரைந்துள்ள அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆற்றின் ஆக்சிஜனைக் காலிசெய்துவிடும். அந்தப் பசியை அளப்பதே பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சோதனை. நீர்த்த மாதிரியைக் காற்றுக்குமிழி இல்லாமல் குப்பியில் அடைத்து, 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று கணக்கிடுவார்கள். குப்பி இருட்டில்தான் இருக்கவேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனை உண்டாக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். இந்தியாவில் இதே சோதனைக்கு 27 டிகிரி, 3 நாள். அம்மோனியா, மலக் கிருமிகளுக்குத் தனிச் சோதனைகள் உண்டு.

கழிவுநீர் அகற்றல் குறித்த பிரிட்டனின் அரச ஆணையம் 1912-இல் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி. என்று வரம்பு வகுத்தது, ஆற்றுநீர் குறைந்தது எட்டு மடங்காவது கலக்கும் என்ற கணக்கில். கோடையில் வறண்டு, கழிவுநீர் மட்டுமே ஓடும் ஆற்றுக்கு அந்த வரம்பு போதாது. இன்னும் கடுமையானது வேண்டும்.